நிற்கும் நேரம்

விமான நேரம் போடும் பலகையைப் பார்த்துவிட்டு, அப்படியே ஒன்றுக்கும் போய்விட்டு, பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனார். குற்றாலிங்கம் பத்து நிமிடம் என்றால் அது பத்து நிமிடம்தான், ஒன்பதும் கிடையாது, பதினொன்றும் கிடையாது. தென்காசி பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து, நின்ற வண்டிகளை விசில் ஊதிக் கிளப்பிவிட்டே தலை நரைத்த மனிதர், வீட்டில்கூடக் குளித்துவிட்டு வர எத்தனை நிமிடம் என்று சொல்லிவிட்டுத்தான் துண்டை எடுப்பார். ஆகவே பத்து நிமிடம் இன்னும் ஆகவில்லை என்று செண்பகவல்லி முடிவு செய்துகொண்டாள். அவர் வரவில்லை, அதனால் பத்து நிமிடம் ஆகவில்லை. கையில் கடிகாரம் இருந்தது, ஆனால் அதில் ஊர் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தில் அவர் தன் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி வைத்துவிட்டு இவள் கையையும் பிடித்து இழுத்தபோது, இருக்கட்டும், ஊர்ல இப்ப என்ன நேரம்னு தெரியாம நான் என்னத்தச் செய்ய என்று கையைப் பிடுங்கிக்கொண்டாள். எந்த நேரமாக இருந்தால் என்ன, போனதும் வந்ததும் ஒரே கடிகாரத்தில் பார்த்தால் கணக்குச் சரியாக வந்துவிடும், ஆனால் அவர் எழுந்து போகும்போது இவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவரே கடிகாரம், அவர் பக்கத்தில் இருக்கும்வரை யார் கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். எதிரே கூரைவரை கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் நடுப்பகல் வெயில் வெள்ளையாக எரிந்தது, வாலை மட்டும் காட்டிக்கொண்டு விமானங்கள் வரிசையாக நின்றன, ஆள் நடமாட்டம் இல்லாத வெயில். உள்ளே குளிர். அவள் மடியில் மடித்து வைத்த ஸ்வெட்டரும் பாதி குடித்த தண்ணீர் பாட்டிலும் இருந்தன, மற்றதெல்லாம் அவரிடம். பாஸ்போர்ட் இரண்டும், ஏறுவதற்கான சீட்டுகளும், போனும், எல்லாம் அவர் இடுப்பில் கட்டியிருந்த பைக்குள். இந்த ஊரின் பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள், வாயில் நிற்கவில்லை. அவளிடம் இந்த ஊரின் பெயர்கூட இல்லை.

எழுந்து போய்ப் பார்க்கலாம். எழுந்தால் எட்டு அடியில் ஒரு தூண், அந்தத் தூணைத் தாண்டித்தான் அவர் மறைந்தார். ஆனால் எழுந்திருக்கக் கூடாது. மகன் திருமலை டொரொண்டோவிலிருந்து போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். எம்மா, நடுவுல இறங்கி வேற பிளைட்டு மாறணும், அந்த ஏர்போர்ட்டு நம்ம தென்காசி பெருசு இருக்கும், உனக்கு இங்கிலீஷ் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும்னு அவரு நெனச்சிக்கிட்டிருக்காரு, அதனால ரெண்டு பேருக்கும் வீல்சேர் போட்டிருக்கேன், அவங்களே தள்ளிக்கிட்டுப் போயி அடுத்ததுல ஏத்திருவாங்க, நீ வாயே தொறக்க வேண்டாம், உக்காந்தா போதும். எனக்குக் கால் நல்லாத்தானல இருக்கு என்று இவள் சொன்னாள். தெரியும்மா, அத அங்க சொல்லிராத, முட்டு தேய்மானம்னு சொல்லி வாங்கியிருக்கேன், எந்திச்சி நடந்திராத, நடக்கறதப் பாத்தான்னா கேள்வி கேப்பான். கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை, கேட்காததால் அது நாளாக நாளாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. தனியறையில் கொண்டுபோய் வைப்பார்கள், பாஸ்போர்ட்டில் ஏதோ குத்துவார்கள், அவரை மட்டும் ஏற்றிவிட்டு இவளைத் திருப்பி அனுப்புவார்கள். சென்னையில் இரண்டு நாற்காலிகள் வந்தன. அவர் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். காலம் பூரா நின்னுக்கிட்டே வேலை பாத்தவன் நான், என்னைய உக்கார வச்சுத் தள்ளுதானாம், எவனாவது நம்ம ஊர்க்காரன் பாத்தா சிரிப்பான் என்றார். இவள் உட்கார்ந்தாள். சோதனை செய்யும் இடத்தில் ஒரு பெண் போலீஸ் எழுந்து நிற்கச் சொன்னபோது இடது காலை நொண்டிக்கொண்டு உள்ளே போனாள், வரும்போது வலது காலை நொண்டிக்கொண்டு வந்தாள். அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, ஏட்டி வல்லி, நோவு காலு மாறிட்டு என்று மெதுவாகச் சொன்னார், இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இப்போது நினைத்தால் சிரித்திருக்க வேண்டாம் என்று பட்டது. இல்லாத நோவை இருக்கிறது என்று காட்டிச் சிரித்தால், அது கேட்டுக்கொண்டே இருந்து ஒருநாள் வந்து நிற்கும், கால் மாறி வந்தது ஆள் மாறியும் வரும். ஆள் மாறி என்ற இடத்தில் மனம் நின்றது. அவள் அதைத் தள்ளிவிட்டுக் காலைப் பார்த்தாள். மருமகள் வாங்கி அனுப்பிய வெள்ளை ஷூக்கள், சேலைக்கு அடியில் யாருடைய கால்களோ போலத் தெரிந்தன.

இங்கே கொண்டுவந்து விட்டவள் உயரமான கருப்புப் பெண், தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல், சிரித்த முகம், இவளை மாமா மாமா என்று கூப்பிட்டாள். அவள் நாட்டில் அம்மாவுக்கு அப்படித்தானாம். அவருக்குத் தாங்கவில்லை. உன்னைப் போயி மாமாங்காளே, அப்ப நான் யாருட்டி என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பெண் கண்ணாடி ஓரமாக நாற்காலிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் இவளை நிறுத்தி, சக்கரத்தைக் காலால் பூட்டி, உள்ளங்கையைக் காட்டி, சிட், நோ வாக், ஐ கம் என்றாள். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், எல்லாம் நம் பக்கத்து முகங்கள், எல்லாம் சேலை, எல்லாருக்கும் ஷூ. பக்கத்தில் இருந்தவள் கோபிசெட்டிபாளையம், வசந்தாமணி என்று பெயர், மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். குற்றாலிங்கம் எழுந்து தூணைத் தாண்டிப் போனதும் அவள் தலையைச் சாய்த்து, ஏனுங்க்கா, உங்களுக்கு நடக்க வருமுங்களா என்று ரகசியமாகக் கேட்டாள். இவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, ம் என்றாள். எனக்கும்தானுங், காட்டுல தண்ணி கட்டிப்போட்டு ரெண்டு மைல் நடந்து பஸ் ஏறுவனுங், காலுக்கு ஒரு கொறையும் இல்லீங், வாயிதான் இங்க வேலைக்கு ஆகறதில்லீங், வாயிக்கு ஒரு வண்டி குடுங்கடான்னா குடுக்க மாட்டீங்கறான், காலுக்குத்தான் குடுக்கறான். அவள் சிரித்தாள், இவளும் சிரித்தாள், இந்த வரிசை பூராவுமே இப்படித்தானுங், நல்லாப் பாருங், ஒருத்திக்கும் ஒண்ணுமில்லீங், ஆனா ஒருத்தி எந்திரிச்சுட்டா எல்லாத்துக்கும் கெட்ட பேருங் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எங்கேயோ தூரத்தில், கூரைக்கு மேலே போய்த் திரும்பி வந்தது போல, விசில். வசந்தாமணி பேச்சை நிறுத்தவில்லை. மகளின் மாமியாரைப் பற்றி ஏதோ தொடங்கியிருந்தாள். பிறகு ஒருவன் வந்து அவள் நாற்காலியின் பூட்டை எடுத்துத் திருப்பினான், வாரனுங்க்கா, அவரு வந்துருவாருங், பயப்படாதீங் என்று சொல்லிக்கொண்டே அவள் தள்ளப்பட்டுப் போனாள். பயப்படாதீர்கள் என்று அவள் ஏன் சொன்னாள்? நான் பயப்படுவதாகச் சொல்லவில்லையே. முகத்தில் தெரிந்ததா?

ஒன்றா, இரண்டா. அதுதான் தெரியவில்லை. விசிலாக இல்லாமலும் இருக்கலாம், தரை துடைக்கும் வண்டியின் சக்கரம், பளபளத்த தரையில் யாருடைய ஷூவோ உரசிய சத்தம், ஏதாவது குழந்தையின் விளையாட்டுச் சாமான். இவ்வளவு பெரிய இடத்தில் யார் விசில் வைத்திருக்கப் போகிறார்கள்? அவர் வைத்திருக்கிறார். ஓய்வுபெற்ற அன்று கழுத்திலிருந்து கழற்றிய அதே பித்தளை விசில், இடுப்புப் பையின் முன்பக்கத்தில், பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். அங்க போயி எந்த வண்டியக் கிளப்பப் போறிய என்று இவள் கேட்டதற்கு, அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கணும்லா, ஒண்ணு அடிச்சா நிப்பாட்டு, ரெண்டு அடிச்சாக் கிளப்பு, இது தெரியாம ஒரு பிள்ள வளரலாமா என்றார். சென்னையில் அதை வெளியே எடுத்துக் காட்டச் சொன்ன காவலரிடமும் இதையே சொன்னார், அந்த ஆள் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இரண்டாக இருந்தால் கவலையில்லை. இரண்டு என்றால் வண்டி தெரிந்துவிட்டது, பலகையில் போட்டுவிட்டான், தயாராக இரு, வாரேன். அவருக்கு அந்த விளையாட்டு உண்டு, கல்யாண வீடுகளில் கூட்டத்தில் இவளைக் காணாவிட்டால் நாக்கை மடித்து இரண்டு தடவை மெதுவாக ஊதுவார், இவள் பந்தியில் இருந்தாலும் எழுந்து வந்துவிடுவாள், மானத்தை வாங்காதிய என்று திட்டிக்கொண்டே. ஆனால் இரண்டு என்றால் இந்நேரம் வந்திருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால். ஒன்றை அவர் எதற்கு ஊதப் போகிறார், இங்கே எது ஓடுகிறது நிறுத்துவதற்கு? ஒன்று என்று காது சொல்கிறது. முதல் சத்தம் கேட்ட உடனே வசந்தாமணி மகளின் மாமியார் என்று தொடங்கினாள், இரண்டாவது அந்த மாமியாருக்கு அடியில் போய்விட்டிருக்கலாம். அவள் அந்தக் கணத்தைத் திரும்பவும் எடுத்துக் கேட்டாள். முதல் தடவை ஒன்று கேட்டது, அடுத்த தடவை நினைத்தபோது இரண்டு கேட்டது, மூன்றாம் தடவை சத்தமே இல்லை, வசந்தாமணியின் வாய் மட்டும் அசைந்தது. இனிமேல் நினைத்தால் அது தேய்ந்துவிடும், தொடக்கூடாது என்று விட்டுவிட்டாள். ஆனாலும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

டிக்கெட் வந்த நாளிலிருந்து அவருக்கு இந்தக் கணக்குத்தான். சென்னையிலிருந்து டொரொண்டோ எவ்வளவு தூரம் என்று போனில் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார், பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அதைத் தென்காசி மதுரை நடையாக வகுத்துப் பார்த்து, எண்பது நடைக்கு மேல வருதுட்டி, பிரமநாயகம் டிரைவரு மாசக்கணக்குல ஓட்டுறத இவன் ஒரே மூச்சுல ஓட்டிருதான் என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு சந்தேகம் வந்தது. பறக்கும் நேரம் பதினாறு மணி என்று அதே போனில் போட்டிருந்தது, மகன் அனுப்பிய டிக்கெட்டில் இருபத்துமூன்று என்று இருந்தது. மீதி ஏழு எங்கல போச்சு என்று ராத்திரி சாப்பிடும் நேரத்தில் மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன், சுத்திப் போறோம்லாப்பா, நடுவுல இறங்கிக் காத்திருக்கணும்லா, அதெல்லாம் சேந்துதான் என்றான். அப்ப அதையும் தூரத்துல சேக்கணும்லா என்றார் இவர். காத்திருக்கிறதுல என்னப்பா தூரம். போனை வைத்த பிறகும் இவர் விடவில்லை. ஓடுற நேரம் வேற, நிக்கிற நேரம் வேற, வண்டி ஓடும்போது ஒண்ணும் ஆகாது வல்லி, நான் பாத்திருக்கேன், பிரேக் போறதும் டயர் வெடிக்கிறதும் ஜனம் சண்டை போடுறதும் ஆளு மயங்கி விழுறதும் எல்லாம் நிக்கிற நேரத்துலதான், அத எவனும் தூரத்துல சேக்க மாட்டான். அன்றைக்கு அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள், கடுகு வெடிக்கும் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதி இப்போது முழுசாகக் கேட்டது. ஆளு மயங்கி விழுறதும். கடுகு வெடித்தது, அவர் இலையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரையில் ஒரு வெள்ளை விமானம் கடலுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது, அது ஓடுகிறது என்று சொன்னார்கள், ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தது. அவர் படம் பார்க்கவில்லை, பாட்டுக் கேட்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த விமானம் போகப்போகும் வழியையும் அதில் தேடி எடுத்தார், இந்த ஊரிலிருந்து டொரொண்டோவுக்குக் கோடு வில்லாக வளைந்து வடக்கே பனிக்குள் ஏறி இறங்கியது. நேராப் போகாம ஏன் வளைஞ்சு போறான், ரோட்டு வேலையா நடக்கு என்று கேட்டார். அவள் சிரிப்பதற்குத் திரும்பினாள். அப்போதுதான் அவர் கை.

கை சட்டைக்குள் இருந்தது. இடது பக்கமாக, தோளுக்குக் கீழே, விரல்களை மடக்கி முட்டியால் அழுத்திக்கொண்டிருந்தார். இவள் பார்த்ததும் கையை எடுத்தார். வாயு என்றார். காலையில அந்தச் சென்னை ஓட்டல்ல பூரி தின்னிருக்கப்படாது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சோடா வாங்கிக் குடித்தார், ஏப்பம் வந்தது, பாத்தியா, வாயுதான் என்று ஜெயித்தவர் போலச் சொன்னார். நெற்றி ஈரமாக இருந்தது. அந்தக் குளிரில் நெற்றி ஈரமாக இருந்தது. அதைப் பார்த்தாள், பார்த்ததை மடித்து எங்கேயோ வைத்தாள், சாப்பாடு வந்தது, தயிர் கெட்டியாக இருந்தது, வாயுவுக்குத் தயிர் நல்லதா இல்லையா என்று யோசித்தாள். கிளம்புவதற்கு முந்தின வாரம் பிரஷர் பார்க்கப் போன இடத்தில் டாக்டர், குழாயை நெஞ்சில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே வைத்திருந்துவிட்டு, பயணத்துக்கு முந்தி ஒரு ஈசிஜி எடுத்துருவோம் சார் என்றார். வெளியே வந்ததும் இவர், எடுத்தா எதையாவது சொல்லுவான், சொன்னாத் திருமலை டிக்கெட்டத் தள்ளி வைப்பான், வந்து பாத்துக்கிடலாம் என்றார். சரி என்றாள். யோசித்துச் சொல்லவில்லை, சட்டென்று வந்துவிட்டது. பேத்தி போனில் முகத்தைக் காட்டும்போதெல்லாம் இவள் திரையைத் தடவிப் பார்ப்பாள். கண்ணாடியின் வழவழப்பைத் தவிர ஒன்றும் கைக்கு வராது. பேத்தியைத் தொடத் தவித்த அந்தக் கைதான் சரி என்று சொன்னது. இங்கே இறங்கி நீண்ட நடைபாதையில் வரும்போது அந்தக் கருப்புப் பெண் தள்ளினாள், அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் நடந்தார், ஜனங்கள் பார்த்தார்கள், இவளுக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. இந்த மனிதர் தெருவில் என்றைக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறார், எப்போதும் பத்தடி முன்னால் போவார், இன்றைக்குப் பார் கைப்பிடியை விடமாட்டேன் என்கிறார் என்று நினைத்தாள். நாற்காலி அந்தப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்தது. தள்ளுகிறவள் இரண்டு தடவை நேராக்கினாள். பாப்பா, ஓகே என்று அவரைக் கேட்டாள், அம்மா மாமா என்றால் அப்பா பாப்பா போல. ஓகே, ஓகே என்றார். இழுத்தது. நாற்காலி இழுத்தது அவர் பக்கமாக. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, அதில் சாய்ந்துகொண்டு வந்திருக்கிறார். அவள் உட்கார்ந்திருந்தாள், அவர் அவளைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். இரண்டு நாற்காலி வந்தது, ஒன்று திரும்பிப் போனது, போனது யாருடையது?

இல்லை. பலகையில் கூட்டமாக இருக்கும், ஊர் பெயர்கள் மாறிமாறி ஓடும், அவர் ஒவ்வொன்றாக வாசித்து முடிக்காமல் வரமாட்டார், எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எவனிடமாவது கேட்டுக்கொண்டிருப்பார். வருவார். வரும்போது என்ன சொல்வார் என்றுகூடத் தெரியும், நம்ம வண்டி கரெக்ட் டைம் என்பார். அவள் தூணையே பார்த்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து மனிதர்கள் வந்தார்கள், வெள்ளை அங்கிக்காரர் ஒருவர், குழந்தையைத் தோளில் போட்ட ஒருத்தி, தலைக்கு மேல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாலு பேர். ஒவ்வொருவரும் ஒரு கணம் அவராக இருந்து பிறகு அவர்களாக ஆனார்கள். யாரையாவது கேட்கலாம். ஹஸ்பண்ட் என்று சொல்லிப் பார்த்தாள், உதட்டுக்குள். ஹஸ்பண்ட் டாய்லெட். ஹஸ்பண்ட் நோ கம். மிஸ்ஸிங் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியும், டி.வி.யில் வரும், அதைச் சொல்ல மாட்டாள், சொன்னால் ஆகிவிடும். கேட்டால் அவர்கள் முதலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். பாஸ்போர்ட் அவரிடம். அவர் எங்கே என்று கேட்பார்கள், அதைத்தானே நான் கேட்டேன் என்று எந்த மொழியில் சொல்வாள். டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இரண்டு ஊர் இருந்தது, கிளம்புகிற ஊரும் சேருகிற ஊரும், நடுவில் இந்த ஊர் சின்ன எழுத்தில் இருந்தது, அவர் கண்ணாடி போட்டுத்தான் வாசித்தார். இங்கிருந்து ஊருக்கு எவ்வளவு தூரம், இங்கிருந்து மகனுக்கு எவ்வளவு. ஒருத்தரை இங்கிருந்து எந்தப் பக்கமாக. இங்கிருந்து எந்தப் பக்கமாகக் கொண்டு. அவள் ஸ்வெட்டரை இறுக்கிப் பிடித்தாள், அதன் பொத்தான் உள்ளங்கையில் குத்தியது, குத்தட்டும் என்று இன்னும் இறுக்கினாள். எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்? எழுந்தால் பார்த்துவிடுவார்கள். நான் எழுந்து போன நேரம் பார்த்து அவர் வேறு வழியாக வந்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தால். அவர் பதறினால். பதறக்கூடாது அவர், பதறினால் நெஞ்சு. எழுந்திருக்காதே என்றுதானே அவரும் சொன்னார், எந்திக்காத, நான் பாத்துட்டு வந்துருதேன். சொல்லிவிட்டு நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார், எடுத்த பிறகு ஒரு கணம் அங்கேயே நின்றார். எதையோ மறந்தவர் போல நின்றார். அப்படி நிற்பதற்கு அவரிடம் காரணம் இல்லை. அப்புறம்தான் நடந்தார், தூண் வரைக்கும் மெதுவாக, தூணில் கை வைத்து, தாண்டி.

நிழல் விழுந்தது. அந்தக் கருப்புப் பெண் வந்துவிட்டாள், மாமா, கோ, கேட் என்று சிரித்துக்கொண்டே குனிந்து பூட்டை எடுத்தாள். அவரு என்றாள் செண்பகவல்லி, தூணைக் காட்டி. எஸ் எஸ், பாப்பா, கேட் என்றாள் அவள். பாப்பா கேட்டுக்குப் போய்விட்டார் என்கிறாளா, வந்துவிடுவார் என்கிறாளா, வரச் சொல்லலாம் என்கிறாளா. நாற்காலி திரும்பியது, தூணுக்கு எதிர்ப்பக்கமாக, அவர் போகாத பக்கமாக, வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. சுகமாக இருந்தது. யாரோ தள்ளுகிறார்கள், எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், அங்கே போனால் அவர் நின்றுகொண்டிருப்பார், எங்கட்டி போன, எவ்வளவு நேரமாத் தேடுதேன் என்பார். இரண்டு நாற்காலி தூரம் அந்தச் சுகத்தில் போனாள். மூன்றாவது நாற்காலியில் இருந்த அம்மாள் இவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று யோசிப்பதற்கு முன்னால் செண்பகவல்லியின் கால் கீழே இறங்கிவிட்டது. வெள்ளை ஷூவின் நுனி தரையில் உரசிக் கிறீச்சிட்டது, நாற்காலி குலுங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நோ நோ மாமா என்றாள் அந்தப் பெண். செண்பகவல்லி இரண்டு கைப்பிடிகளிலும் கையை ஊன்றி எழுந்து நின்றாள். கால் மரத்துப்போயிருந்தது, ஊசி ஊசியாக ஏறியது. ஒரு கணம் உண்மையிலேயே நடக்க வராது என்று தோன்றியது, வலது காலை வைத்தாள், வந்தது. யாரும் ஓடி வரவில்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை. வரிசையில் இருந்த பெண்கள் மட்டும் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், ஒருத்தி தன் முட்டிகளின் மேல் சால்வையை இழுத்துப் போட்டாள். பிளீஸ் என்றாள் செண்பகவல்லி. வாய்க்கு வந்த ஒரே வார்த்தை அது, சரியான இடம்தானா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கையிலிருந்து நாற்காலியின் பிடியை வாங்கித் தூணைப் பார்த்துத் திருப்பினாள்.

ஆள் இல்லாத நாற்காலி இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. நேராகப் போகமாட்டேன் என்றது, இழுத்து இழுத்து நிமிர்த்தினாள். பின்னால் அந்தப் பெண் கையிலிருந்த கருவியில் படபடவென்று யாரிடமோ பேசிக்கொண்டே வந்தாள். எதிரே வந்த ஜனங்கள் காலி நாற்காலிக்கு வழி விட்டார்கள், அதில் யாரோ இருப்பது போலவே ஒதுங்கி நின்றார்கள். தூண் வந்தது, அவர் கை வைத்த இடம் அவள் நெஞ்சு உயரத்தில் இருக்கும், பார்க்காமல் தாண்டினாள். தாண்டியதும் பலகை, கருப்பில் மஞ்சள் எழுத்துகள் வரிசையாக உதிர்ந்து மாறின, அதற்குக் கீழே யாரும் இல்லை. அவர் அங்கே நின்று வாசித்துக்கொண்டிருக்கும் படம் மனத்தில் அவ்வளவு உறுதியாக இருந்ததால் காலியான அந்தத் தரை அவளைத் தள்ளியது. பலகைக்கு அப்பால் வழி இரண்டாகப் பிரிந்தது. இரண்டின் கடைசியிலும் நீல விளக்கில் ஆண் படம், பெண் படம். எந்தப் பக்கம்? அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று இத்தனை வருடத்தில் தெரிந்திருக்க வேண்டும். இடது பக்கமா, வலது பக்கமா, ஊரில் எப்போதும் எந்தப் பக்கம் திரும்புவார், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, பத்தடி முன்னால் போகும் முதுகு மட்டும் வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஊர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனது, அவசரமே இல்லாமல். அது முடியட்டும் என்று நின்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். குரல் முடிந்தது. வலது பக்கக் கடைசியிலிருந்து விசில் கேட்டது. தூரத்தில் இல்லை, கூரையிலும் இல்லை, தரையோரமாக, கீழேயிருந்து, ஊதுகிறவருக்கு மூச்சுப் போதாமல் பாதியிலேயே காற்றாகப் போய்விட்ட ஒரு விசில். இரண்டாவதுக்காகக் காத்திருந்தாள். பந்தியிலிருந்து எழுந்து வருவதற்குக் காத்திருப்பது போல, ஒரு காலை முன்னால் வைத்து, முழு உடம்பும் காதாகக் காத்திருந்தாள். இரண்டாவது வரவில்லை. ஒன்றுதான். முன்பு கேட்டதும் ஒன்றுதான். ஒன்று அடித்தால் நிறுத்த வேண்டும். செண்பகவல்லி நிறுத்தவில்லை, நாற்காலியை வலது பக்கம் வெட்டித் திருப்பி, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன் என்று ஊர்ப் பேச்சில் உரக்கச் சொல்லியபடி ஓடினாள்.